எல்டிஎல் 41 என்று கொண்டாடாதீர்கள்! ஐசியூ கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் பற்றிப் பேசலாம்

வணக்கம் மக்களே! இன்றைக்கு சர்க்கரை நோய் தொடரின் அடுத்த பகுதி வந்திருக்க வேண்டும். அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். காரணம் இதோ, என் கையில் இருக்கிற இந்தத் தாள். கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், பெயர் இருக்கிற இடத்தில் டேப் ஒட்டியிருக்கிறேன். லிப்பிட் ப்ரொஃபைல், அதாவது ரத்தக் கொழுப்பு டெஸ்ட் ரிப்போர்ட். மொத்த கொலஸ்ட்ரால் 98. “நல்ல கொலஸ்ட்ரால்” என்கிற எச்டிஎல் 19. இன்னொரு வகை ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 190. “கெட்ட கொலஸ்ட்ரால்” என்கிற எல்டிஎல் 41. அந்த 41க்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக். எனக்குப் பச்சை டிக் போட்ட ரிப்போர்ட் என்றாலே ஆகாது, உங்களுக்குத் தெரியும்.

இது என் சித்தப்பாவுடையது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். காய்ச்சல், இருமல் என்று ஆரம்பித்து, இன்ஃப்ளுயன்ஸா நுரையீரலுக்குள் இறங்கி, வென்டிலேட்டர் வரைக்கும் போய் மீண்டு வந்திருக்கிறார். இப்போது வீட்டில் கஞ்சி குடிக்கிறார், மெதுவாக நடக்கிறார். நல்லபடியாக வந்துவிட்டார், அதுவே பெரிய விஷயம். ஆனால் சித்தி இந்த ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, “போன வருஷம் 232 இருந்துச்சு, இப்போ 98! கொலஸ்ட்ராலும் சேர்ந்து சரியாயிடுச்சு” என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். ஒருவர் “அப்போ இனிமே அந்த மாத்திரை எதுக்கு?” என்று கேட்டிருக்கிறார். சித்தப்பாவும் கொலஸ்ட்ராலைக் குறைக்கிற அந்த ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திவிட்டார். எனக்குப் பகீர் என்றது.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. நான் லேப் டெக்னீஷியன், டாக்டர் இல்லை. எந்த மாத்திரையைப் போடலாம், எதை நிறுத்தலாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ரிப்போர்ட்டில் இருக்கிற எண் எங்கிருந்து வருகிறது, எப்போது அதை நம்பக் கூடாது என்பதைச் சொல்வேன்.

கடுமையான வைரஸ் நிமோனியாவில் கொலஸ்ட்ரால் விழும். எல்டிஎல்லும் விழும், எச்டிஎல்லும் விழும். நோய் எவ்வளவு முற்றுகிறதோ அவ்வளவு விழும். அந்த 41, சித்தப்பாவின் ரத்தக்குழாய் சுத்தமாகிவிட்டது என்று சொல்லவில்லை. அவர் உடம்பு எவ்வளவு பெரிய அடி வாங்கியிருக்கிறது என்று சொல்கிறது. இந்த வீடியோவே இதற்காகத்தான்.

கொரோனா காலத்தில் இது உலகத்துக்கே தெளிவாகத் தெரிந்தது. 2020 தொடக்கத்தில் வூஹானில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்த 597 கொரோனா நோயாளிகளின் ரத்தக் கொழுப்பைப் பார்த்தார்கள். லேசான நோய் இருந்தவர்களுக்கு எல்டிஎல்லின் நடு அளவு 91. கடுமையாக இருந்தவர்களுக்கு 86. உயிருக்குப் போராடியவர்களுக்கு 69. வழக்கமான செக்கப்பில் 69 வந்தால் லட்டு வாங்கிக் கொடுப்போம். அங்கே 69 வந்தவர்கள்தான் மிக மோசமான நிலையில் இருந்தார்கள். வூஹானிலிருந்தே வந்த இன்னொரு சின்ன ஆய்வில், நோய்க்கு முன்பு எடுத்த அளவுகளும் கையில் இருந்தன. பிழைத்தவர்களுக்கு எல்டிஎல் திரும்ப ஏறியது. இறந்தவர்களுக்குக் கடைசி வரை இறங்கிக்கொண்டே போனது. எனக்கு அதைப் படிக்கும்போது கஷ்டமாக இருந்தது. நம் ஊரில் 2021 மே மாதம் எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும்.

ஏன் விழுகிறது? ரேஷன் கடையில் அரிசி இல்லை என்றால் மூன்று காரணம் இருக்கலாம். லாரி வரவில்லை, வாங்குகிறவர்கள் கூட்டம் அதிகம், அல்லது மூட்டை கிழிந்து சிந்திவிட்டது. ஐசியூவில் மூன்றும் சேர்ந்தே நடக்கின்றன. லாரி என்பது கல்லீரல். நம் உடம்பில் ஓடுகிற கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, உடம்பே செய்கிறது, அதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு. கடுமையான அழற்சி, அதாவது நோயை எதிர்த்து உடம்பு கொதித்தெழுவது, வந்தால் ஐஎல்-6, டிஎன்எஃப் மாதிரியான சமிக்ஞைப் புரதங்கள் ரத்தத்தில் எகிறும். அவை கல்லீரலை வேறு வேலைக்குத் திருப்பிவிடும். அழற்சி நேரத்துப் புரதங்களான சிஆர்பி செய், அமைலாய்டு ஏ செய் என்று. கொழுப்பைச் சுமக்கிற புரதங்களின் உற்பத்தி குறைந்துவிடும். அடுத்தது கூட்டம். செல்களைப் பழுதுபார்க்கக் கொலஸ்ட்ரால் வேண்டும். அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் செய்வதற்கும் கொலஸ்ட்ரால்தான் மூலப்பொருள். பாக்டீரியாவும் கூடச் சேர்ந்துவிட்டால், அதன் நச்சைப் பிடித்து வைக்கிற வேலையும் இந்தக் கொழுப்புத் துகள்களுக்கு உண்டு. மூன்றாவது, ரத்தக்குழாய்ச் சுவர் கசிந்து, ரத்தத்தில் இருக்க வேண்டியது திசுவுக்குள் போய்விடுகிறது.

எச்டிஎல் 19ஐ யாருமே குழுவில் பேசவில்லை, கவனித்தீர்களா? ஆண்களுக்கு 40க்கு மேல் இருக்க வேண்டியது. நான் சொன்ன அந்த அமைலாய்டு ஏ என்ற புரதம் எச்டிஎல் துகளுக்குள் புகுந்து, அதன் சொந்தப் புரதத்தை வெளியே தள்ளிவிடும். எண்ணிக்கையும் குறைகிறது, மிச்சம் இருப்பதும் பழைய வேலையைச் சரியாகச் செய்யாது. “நல்ல கொலஸ்ட்ரால்” என்று ஊரே சொல்கிற எண் பாதாளத்தில் இருக்கும்போது, பக்கத்தில் இருக்கிற பச்சை டிக்கைப் பார்த்து வாழ்த்துச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

அழற்சிதான் காரணம் என்பதற்கு எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு சான்று இருக்கிறது. டோசிலிசுமாப் என்ற ஊசி. கொரோனா இரண்டாம் அலையில் ஊரெல்லாம் தேடி அலைந்தார்களே, அதுதான். அது ஐஎல்-6இன் வேலையைத் தடுக்கிறது. மூட்டுவாத நோயாளிகளுக்குப் பல வருடங்களாகக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு என்ன ஆகிறது தெரியுமா? கொலஸ்ட்ரால் ஏறுகிறது! ஐஎல்-6 அழுத்தி வைத்திருந்த எண், அதைத் தடுத்ததும் மேலே வருகிறது.

சரி, இப்போது இந்தத் தாளுக்கு வருகிறேன். மேலே பாருங்கள், “மாதிரி: ஃபாஸ்டிங், 12 மணி நேரம்” என்று அச்சடித்திருக்கிறது. மூக்கில் ரைல்ஸ் டியூப் போட்டு, பம்ப்பில் சொட்டுச் சொட்டாக இரவு பகலாக உணவு போய்க்கொண்டிருந்த மனிதர். அவருக்கு 12 மணி நேர ஃபாஸ்டிங்காம்! நான் நர்ஸிங் சார்ட்டை வாங்கிப் பார்த்தேன். ரத்தம் எடுத்த நேரத்திலும் ஃபீட் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மணிக்கு மணி எழுதி வைத்திருக்கிறார்கள், அந்த நர்ஸுகளுக்குக் கும்பிடு. யாரோ கம்ப்யூட்டரில் வழக்கமாக வருகிற பெட்டியை அப்படியே விட்டுவிட்டார்கள்.

சாப்பிடாமல் எடுப்பது அவ்வளவு முக்கியமா என்று கேட்பீர்கள். பழைய வீடியோவில் சொல்லியிருக்கிறேன், சாதாரண செக்கப்புக்கு ஃபாஸ்டிங் கட்டாயமில்லை என்று 2016லேயே ஐரோப்பிய நிபுணர் குழுக்கள் சொல்லிவிட்டன. என் கோபம் அதில் இல்லை. நடக்காததை நடந்தது என்று அச்சடிக்கக் கூடாது. அதிலும் இதற்கு 850 ரூபாய் பில். இதே லிப்பிட் ப்ரொஃபைல் எங்கள் தெருமுனை லேபில் 400 ரூபாய். அரசு மருத்துவமனையில் இலவசம். ஐசியூ நோயாளி என்றால் எண்ணூற்று ஐம்பது, அதில் ஃபாஸ்டிங் என்று ஒரு பொய். லேபுக்குப் போன் செய்தேன். “சிஸ்டம்ல அப்படித்தான் வரும் மேடம்” என்றார்கள். பொறுப்பாளரைக் கேட்டேன், மதியம் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். நேரில் போய், சார்ட்டின் நகலைக் கவுண்டரில் வைத்து, அவர் வரும் வரைக்கும் உட்கார்ந்தேன். திருத்திய ரிப்போர்ட் கொடுத்தார்கள் மக்களே! இதோ பாருங்கள், இது புதியது. “ரேண்டம் மாதிரி, குழாய் வழி உணவு, ஐசியூ நோயாளி.” 850 திரும்ப வரவில்லை. ஆனால் இந்த மூன்று விஷயங்களை அச்சில் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாளைக்கு வேறொரு டாக்டர் இந்தத் தாளைப் பார்த்தால் ஏமாற மாட்டார்.

ஐயோ, டிரைகிளிசரைடைச் சொல்லாமல் வந்துவிட்டேன். மற்ற எல்லாம் விழும்போது அது மட்டும் பெரும்பாலும் ஏறும். அழற்சியே ஏற்றும். கூடவே ப்ரொபோஃபால். வென்டிலேட்டரில் இருப்பவர்களை மயக்கத்தில் வைக்கிற வெள்ளை மருந்து. அது வெள்ளையாக இருப்பதே சோயா எண்ணெய்க் குழம்பில் கரைத்திருப்பதால்தான். ஒரு மில்லிக்கு 1.1 கலோரி. நாள் முழுக்க ஓடினால் நரம்பு வழியாகக் கொழுப்பு ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று அர்த்தம். அதனால் ப்ரொபோஃபால் ஓடுகிறவர்களுக்கு டிரைகிளிசரைடு பார்ப்பது நியாயமான டெஸ்ட், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ரொம்ப ஏறினால் கணையம் கெட்டுப்போகலாம்.

இன்னொன்று, அந்த எல்டிஎல் 41ஐ யாரும் அளக்கவே இல்லை. கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1972இல் வந்த ஃப்ரீடுவால்ட் சூத்திரம்: மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழி, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழி. 98இல் 19 போக, 38 போக, 41. டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. எல்டிஎல் இவ்வளவு குறைவாக இருக்கும்போதும் தப்பு கூடும். இப்படி ஒரு எண்ணை வைத்து மாத்திரையை நிறுத்துவதா?

இப்போது மறுபக்கம். போன வீடியோவுக்குக் கீழே ஒருவர், “கொலஸ்ட்ரால் குறைந்தவர்கள்தான் சாகிறார்கள், அப்போ மாத்திரையே ஆபத்து, நெய்யும் முட்டையும் கொடுத்து ஏற்றுங்கள்” என்று எழுதியிருந்தார். இல்லவே இல்லை. நோய் இறக்குவது வேறு, மாத்திரை இறக்குவது வேறு. ஸ்டாட்டினை நோயாளிகளுக்குக் கொடுத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹார்ப்-2, செயில்ஸ் என்ற இரண்டு ஆய்வுகள், இரண்டும் 2014இல் வெளிவந்தன. மூச்சுத்திணறல் முற்றிய ஐசியூ நோயாளிகளில் ஒன்றில் சிம்வாஸ்டாட்டின், மற்றதில் ரோசுவாஸ்டாட்டின். இறப்பு குறையவில்லை. ஏறவும் இல்லை. 2023இல் ரீமேப்-கேப் ஆய்வு கொரோனா நோயாளிகளில் சிம்வாஸ்டாட்டினைப் பார்த்தது. பலன் இருக்க 95.9 சதவீத வாய்ப்பு என்று வந்தது, ஆனால் முன்கூட்டியே வைத்திருந்த 99 சதவீதக் கோட்டைத் தொடவில்லை. ஆக, நிமோனியாவுக்கு மருந்தாகவும் ஆகவில்லை, இறப்பைக் கூட்டவும் இல்லை.

ஐசியூவில் டாக்டரே ஸ்டாட்டினைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பதும் உண்டு. நிமோனியாவுக்குக் கிளாரித்ரோமைசின் கொடுத்தால் சிம்வாஸ்டாட்டினோடு ஒத்துப்போகாது, தசை கெடலாம். கல்லீரல் அளவுகள் எகிறியிருந்தாலும் நிறுத்துவார்கள். பிரச்சினை, டிஸ்சார்ஜ் சீட்டில் “மறுபடி ஆரம்பிக்கவும்” என்று எழுத மறந்துபோவதுதான். வீட்டில் எல்லாரும் நிரந்தரமாக நிறுத்தியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதுவும் எந்த நேரத்தில்? கனடாவின் ஒன்டாரியோவில் செய்த ஆய்வு 2018இல் வந்தது. இன்ஃப்ளுயன்ஸா உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு. இதயம் ஏற்கெனவே தள்ளாடுகிற நேரம். சித்தப்பாவுக்கு வேறு இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், அதனால்தான் எனக்கு அவ்வளவு பதற்றம்.

சித்தி நேற்று இதய டாக்டரிடம் போனில் பேசிவிட்டார். கல்லீரல் டெஸ்ட் பார்த்துவிட்டு மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார். லிப்பிட் ப்ரொஃபைலை இப்போது எடுக்க வேண்டாம், இரண்டு மூன்று மாதம் போகட்டும், உடம்பு தேறட்டும் என்றாராம். நான் நினைத்ததும் அதுதான்.

உங்கள் வீட்டில் யாராவது ஐசியூவிலிருந்து வந்திருந்தால், ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த தேதியைப் பாருங்கள். அது அட்மிஷனில் இருந்த நாட்களுக்குள் வந்தால், தாளின் மேல் பேனாவால் “ஐசியூவில் எடுத்தது” என்று எழுதி, நோய்க்கு முன்பு எடுத்த பழைய ரிப்போர்ட்டோடு சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள். பழைய ரிப்போர்ட் கையில் இல்லை என்றால் எடுத்த லேபில் கேளுங்கள், பெரும்பாலும் போன் நம்பர் சொன்னால் கிடைக்கும். சர்க்கரைத் தொடர் அடுத்த வாரம் வருகிறது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி டெஸ்ட் பற்றிக் கேள்வி இருந்தால் கீழே போடுங்கள்.