ஏழு நிமிடம் முந்திய கடிகாரமும் ஆறு இலக்க எண்ணும்

வணக்கம் நண்பர்களே. மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு வாதம் எழுதுவது எப்படி என்று இன்று பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வீடியோவில். நேற்று இரவு நடந்ததைக் கொட்டித் தீர்க்காமல் எனக்கு வேறு பேச்சு வராது. ஆறே ஆறு இலக்கம்! அதோடு இரண்டரை மணி நேரம் மல்லுக்கட்டினேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு மேற்கோளின் பக்க எண். ஹைன்ஆன்லைன் என்ற சட்டத் தரவுத்தளத்தின் மீது எனக்கு எவ்வளவு பிரியம் என்று உங்களுக்குத் தெரியும். பழைய சட்ட இதழ்களை அச்சில் வந்த பக்கமாகவே படம் பிடித்துக் காட்டுகிறது. அடிக்குறிப்புகூட இடம் மாறாது. பக்க எண்ணே இல்லாமல் வெறும் எழுத்தை ஓடவிடும் தளங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

கல்லூரிக்குள் இருந்தால் தரவுத்தளம் ஐபி முகவரியை, அதாவது கல்லூரி இணைப்பின் அடையாள எண்ணைப் பார்த்தே கதவைத் திறந்துவிடும். வீட்டிலிருந்து போனால் நூலகப் பக்கம் வழியாகத்தான் போக வேண்டும். ஈஸிபிராக்ஸி போன்ற ஓர் இடைச் சேவையகம், நாம் மாணவர்தானா என்று பார்த்துவிட்டு, கல்லூரியின் முகவரியிலிருந்தே நமக்காகப் பக்கத்தைக் கேட்டு வாங்கித் தரும். கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது. அடுத்து, போனில் உள்ள சரிபார்ப்புச் செயலி காட்டும் அந்த ஆறு இலக்க எண். தட்டினேன். 'தவறான எண்.' புதிய எண் வரும்வரை காத்திருந்து தட்டினேன். மறுபடியும் அதே பதில். செயலியை நிறுத்தித் திறந்தேன், உலாவியை மாற்றினேன். கடைசியில் கணக்கையே பூட்டிவிட்டது!

காலையில் முதல் ஆளாகத் தொழில்நுட்ப உதவி மையத்தில் நின்றேன். அங்கிருந்தவர் என் மடிக்கணினியைத் தொடவே இல்லை. "தம்பி, உங்கள் போனில் மணி என்ன?" என்றார். 9:19. தன் திரையை என் பக்கம் திருப்பினார். 9:12.

இருங்கள், ஒன்றை விட்டுவிட்டேன். போன வாரம் போன் மாற்றினேன். வகுப்புக்குத் தாமதமாகாமல் இருக்கக் கடிகாரத்தை ஏழு நிமிடம் முன்னால் வைப்பது என் வழக்கம். உங்களுக்கும் அதைப் பரிந்துரைத்திருக்கிறேன். இதுவரை கைக்கடிகாரத்தில்தான் அப்படி வைத்திருந்தேன். புதிய போனில் முதல் முறையாக நேரத்தையே மாற்றி வைத்தேன்.

அந்த எண்ணை யாரும் நமக்கு அனுப்புவதில்லை. முதல் நாள் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி போனுக்கு வந்துவிடுகிறது. பிறகு அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்து, போனும் சேவையகமும் தனித்தனியே கணக்கிட்டு ஒரே எண்ணுக்கு வருகின்றன. இணையமே இல்லாவிட்டாலும் செயலி எண்ணைக் காட்டுவது இதனால்தான். ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக 2011இல் வெளியான முறை இது. பொதுவாக 30 விநாடிக்கு ஓர் எண். ஏழு நிமிடம் என்றால் நான் 14 எண்கள் முன்னால் போய் நின்றிருக்கிறேன்!

இதில் எனக்குக் கோபமே அந்தத் 'தவறான எண்' மீதுதான். 'போனின் நேரத்தைச் சரிபாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் நான் அப்போதே தூங்கப் போயிருப்பேன். நள்ளிரவில் உதவி மையம் திறந்திருக்காது, ஆனால் சமர்ப்பிக்கக் கெடு மட்டும் மறுநாள் நண்பகல்!

அவர் பூட்டை எடுத்துவிட்டார். நேரத்தைத் 'தானியங்கி' என்று மாற்றினேன். முதல் எண்ணிலேயே உள்ளே போனேன். மீட்புக் குறியீடுகளையும் அங்கேயே அச்செடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் ஒரே முறைதான் செல்லும் என்பதால் பயன்படுத்தியதை அடித்துவிட வேண்டும். போன் தொலைந்தாலும் கை கொடுப்பது அந்தத் தாள்தான். தயவுசெய்து அதைப் போனிலேயே படம் எடுத்து வைக்காதீர்கள்.

அந்த மேற்கோளா? நான் எழுதியிருந்தது பக்கம் 241. திரையில் இருந்தது 214. திருத்தி, பதினொரு மணிக்கே சமர்ப்பித்துவிட்டேன்.