கத்தியில் படரும் கறுப்பு: கடுக்காயும் துவர்ப்பின் மருத்துவமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த மேசைமேல் பழைய இரும்பு அரிவாள்மனை ஒன்றையும், இரவு முழுவதும் நீரில் ஊறிய கடுக்காய் நான்கையும் வைத்திருக்கிறேன். ஒரு காயின் கொட்டையை நீக்கிச் சதையை அரிகிறேன். சற்று நேரத்தில் அலகின்மேல் நீலங்கலந்த கறுப்பு படர்வதை முன்வரிசையில் இருப்போர் காணலாம். வாழைப்பூ அரிந்த கத்தியிலும் இதே கறையை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். எவர்சில்வர் கத்திகள் வந்தபின் அந்தக் காட்சி அரிதாகிவிட்டது.

ஒரு செடியின் சாற்றில் பீனாலிகச் சேர்மங்கள் உண்டா என்று அறிய, ஆய்வகத்தில் மாணவர்கள் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சில துளிகள் விடுவார்கள். கருநீலமோ கரும்பச்சையோ தோன்றினால் உண்டு என்று குறித்துக்கொள்வார்கள். ஃபெரிக் குளோரைடு என்பது இரும்பின் உப்பு. ஆகவே, நம் அரிவாள்மனையில் நடந்ததும் அந்தச் சோதனையேதான்.

ஆறு கார்பன் அணுக்கள் கோத்த பென்சீன் வளையத்தில் ஹைட்ராக்சில் தொகுதி, அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த இணை, ஒட்டியிருந்தால் அது பீனால் இனத்தைச் சேர்ந்தது. கிராம்பின் யூஜெனாலும் ஓமத்தின் தைமாலும் இவ்வினத்தின் சிறிய மூலக்கூறுகள். எளிதில் ஆவியாவதால் மணக்கின்றன, கிருமிகளையும் அடக்குகின்றன. பல் மருத்துவர்கள் துத்தநாக ஆக்சைடோடு யூஜெனாலைக் குழைத்து இன்றும் தற்காலிகமாகப் பல்லை அடைக்கிறார்கள். கடுக்காயில் உள்ள டானின்கள் என்னும் பீனாலிகச் சேர்மங்களோ பெரியவை. அவற்றுக்கு மணமில்லை, ஆனால் எச்சிலிலுள்ள புரதங்களைப் பற்றித் திரளச் செய்வதால், நாக்கின் வழுவழுப்பு போய் வாய் முழுதும் இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பைத்தான் துவர்ப்பு என்று அறுசுவையுள் ஒன்றாக நம் முன்னோர் வைத்தனர்.

புரதத்தைப் பற்றும் இந்த ஒரே குணம் எத்தனை இடங்களில் வேலை செய்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. உலர்ந்த கடுக்காய்த் தோலில் ஏறத்தாழ 30 விழுக்காடு டானின் உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில்தான் திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டார்கள். தோலின் புரத இழைகளை டானின் பிணைத்துவிடுவதால் அது அழுகுவதில்லை. தளர்ந்து குருதி கசியும் ஈறுக்குக் கடுக்காய்க் கஷாயத்தால் வாய் கொப்பளிக்கும்போது நடப்பதும் அதன் மென்மையான வடிவமே: மேற்பரப்பின் புரதங்கள் இறுகி ஒரு மெல்லிய படலமாகின்றன, கசிவு குறைகிறது. புண்ணைக் கழுவ, கடுக்காயோடு தான்றிக்காயும் நெல்லிக்காயும் சேர்ந்த திரிபலாக் கஷாயத்தை மருத்துவர்கள் எடுத்ததும் இதனால்தான். ‘கடுக்காய்க்கு அகணி நஞ்சு, சுக்குக்குப் புறணி நஞ்சு’ என்ற மொழியை மறவாமல் கொட்டையை நீக்கியே கஷாயம் வையுங்கள்.

மஞ்சளின் குர்குமினும் பீனாலிகச் சேர்மமே. அதன் புகழை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அது குடலிலிருந்து இரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு. 1998-இல் வெளியான பெங்களூரு ஆய்வொன்றில், மிளகின் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது மனிதர்களின் இரத்தத்தில் குர்குமின் இருபது மடங்கு சேர்ந்தது. இதைக் கேட்டுச் செறிவூட்டிய மாத்திரைகளைத் தேடி ஓட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவ்வகை மாத்திரைகளை உண்டு ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிப் பல நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குழம்பில் கலந்த மஞ்சளும் மாத்திரையில் அடைத்த குர்குமினும் ஒன்றல்ல.

மீண்டும் அரிவாள்மனைக்கு வருவோம். இரும்பைப் பற்றிக் கறுக்கச் செய்யும் இக்குணம் நம் குடலிலும் நடக்கிறது. சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பை, உணவோடு பருகும் தேநீரின் பீனால்கள் பற்றிக்கொண்டு, அதில் உடலில் சேர்வதைப் பாதிக்கு மேல் குறைத்துவிடக் கூடும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசிய குடும்பநல ஆய்வு சொல்லும் நிலையில், இது சிறிய செய்தியன்று. உங்கள் வீட்டில் கருவுற்ற பெண் இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்கிறாள் என்றால், அதைத் தேநீரோடோ கடுக்காய்ப் பொடியோடோ கொடுக்காதீர்கள். எலுமிச்சைச் சாற்றோடு கொடுங்கள். தேநீருக்கு மாத்திரையிலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அவள் ஏன் என்று கேட்டால், ஒரு கடுக்காயை அரிந்து இந்த அலகைக் காட்டுங்கள்.