நுவரெலியாவுல சிப்ஸ் பக்கெட் ஏன் உப்புது? வெண்டிங் மெஷின் வாங்க முன்னாடி இதைப் பாருங்க!

[திரையில்: ரெண்டு சிப்ஸ் பக்கெட், பக்கத்துல பக்கத்துல]

வணக்கம் மக்களே! ஒரே கம்பனி, ஒரே எடை. இடது பக்கம் இருக்கிறது கொழும்புல எடுத்த படம். வலது பக்கம் நுவரெலியா கடையில தொங்கினது, குட்டித் தலகாணி மாதிரி உப்பி நிக்குது பாருங்க. இந்த உப்பலே உங்க கைமுதலைக் கரைச்சிடலாம். எப்படின்னு சொல்றேன்.

"மெஷினை வாங்கி வைங்க, தூங்கினாலும் காசு வரும்" னு வெண்டிங் மெஷின், அதாவது காசு போட்டா தானா சாமான் தர்ற மெஷின், விளம்பரம் உங்க போனுக்கும் வந்திருக்கும். ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்துத் தம்பி தங்கச்சிமார் இதைப் பத்தித்தான் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. சிலர் கையில இருக்கிறது அம்மா வெளிநாட்டுல வீட்டு வேலை செஞ்சு அனுப்பின காசு. அதனால அவசரப்படாம கேளுங்க.

பழைய கதை ஒரு நிமிஷம். ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முன்னாடியே அலெக்சாந்திரியாவுல ஹீரோங்கிறவர், காசு போட்டா கோயில் தீர்த்தம் ஊத்துற கருவியை விவரிச்சிருக்கார். காசோட பாரத்துல தட்டு சரியும், அடைப்பு திறக்கும், காசு வழுக்கி விழுந்ததும் மூடிக்கும். என்ன மூளை!

[திரையில்: சுருள் கம்பி சுத்துற காட்சி]

இப்போதைய மெஷின்ல சுருள் கம்பிதான் உயிர். பட்டனை அமுக்கினா மோட்டர் சுருளை ஒரு சுத்து சுத்தும், முன்னால இருக்கிற சாமான் கீழ விழும். சுருளோட இடைவெளி சாமானோட தடிப்புக்குச் சரியா இருக்கணும். நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1868 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கொழும்பை விட ஐந்துல ஒரு பங்கு அளவு குறைவு. கீழ அடைச்ச பக்கெட்டுக்குள்ள இருக்கிற வாயு மேல வந்ததும் விரியுது. கொழும்புல அளவு பார்த்த சுருளுக்குள்ள அது இறுகிடும். சுருள் சுத்தும், பக்கெட் அந்தரத்துல தொங்கும். காசு போட்ட புள்ள கண்ணாடியைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டுப் போயிடும், மறுபடி வராது. அதனால, சாமான் விழுந்துச்சான்னு பார்க்கிற சென்சர் இல்லாத மெஷினை நான் வாங்கவே மாட்டேன். நம்ம ஊர்ல வாங்கின பக்கெட்டையே போட்டுக் காட்டச் சொல்லுங்க.

அடுத்தது காசு. புழக்கத்துல இருக்கிற பெரிய நாணயம் 20 ரூபாய். 160 ரூபாய் சாமானுக்கு எட்டு நாணயம் யார் பையில இருக்கும்? மழையில நனைஞ்சு கசங்கின நோட்டை மெஷின் திருப்பித் துப்பிடும். போன்ல ஸ்கேன் பண்ணிக் காசு கட்டுற லங்காகியூஆர் நல்ல வழி, ஆனா அந்த இடத்துல சிக்னல் கிடைக்குதான்னு போய்ப் பாருங்க.

ஒரு உதாரணக் கணக்கு. மெஷின் 10 லட்சம், ஒரு சாமானுக்கு லாபம் 30 ரூபாய், ஒரு நாளைக்கு 20 சாமான்னு வைங்க. நாளைக்கு 600 ரூபாய். போட்ட காசு திரும்ப 1667 நாள், நாலரை வருஷத்துக்கு மேல! கரண்ட் பில், இட வாடகை, சாமான் ஏத்துற ஆட்டோ கூலி இன்னும் கழிக்கல. "ஒரு நாளைக்கு 100 சாமான் போகும்"னு சொல்றவருக்கு மெஷினை வித்ததுமே லாபம் வந்துடுது. எந்த இடத்துல, எந்த மாசம் 100 போச்சுன்னு எழுத்துல கேளுங்க. அமெரிக்காவுல இப்படித் தொழில் வாய்ப்பு விக்கிறவங்க, காசு வாங்க ஏழு நாள் முன்னாடியே விவரத்தை எழுத்துல குடுக்கணும்னு 2012ல இருந்து விதி இருக்கு. அந்த ஏழு நாளை நீங்களும் எடுத்துக்கங்க.

நம்ம ஊர்ல மெஷினுக்குப் போட்டி டீக்கடை. குளிர்ல பஸ்ஸை விட்டு இறங்குறவருக்குச் சுடச்சுட பிளேன்டியும் ரொட்டியும் வேணும், ஐஸ் சோடா வேணாம். தோட்டத்துக் கடையில கொப்பியில எழுதிட்டுச் சம்பளத்துக்குக் குடுக்கலாம், மெஷின்கிட்ட கடன் சொல்ல முடியுமா? ஆனா ராத்திரி ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியில நோயாளிக்குத் துணையா உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு எந்தக் கடை திறந்திருக்கு? என் கண்ணுக்கு இடம்னா அதுதான். நைட் ஷிப்ட் ஓடுற கார்மென்ட்ஸும் அப்படித்தான்.

உணவு விக்கிறதால பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கிட்டயும் முதல்லயே பேசிடுங்க.

இப்போ ஒரு வேலை. நீங்க நினைக்கிற இடத்துல ஏழு நாள் போய் நில்லுங்க. எத்தனை மணிக்குக் கடை பூட்டுறாங்க, அதுக்கப்புறம் எத்தனை பேர் நடமாடுறாங்கன்னு எண்ணி எழுதுங்க. அந்தக் கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்க, அடுத்த வீடியோவுல உங்க எண்ணிக்கையை வச்சே கணக்குப் போடுவோம்.