மேஸ்திரியிடம் எப்படிச் சொல்வது?

நண்பர்களே, வணக்கம். சென்னையில் ஏதாவது ஒரு கட்டுமான சைட்டுக்குள் நுழைந்து பாருங்கள். ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் நம்பியே தொழில் கற்ற மேஸ்திரி இருப்பார். பக்கத்திலேயே போனில் டிராயிங்கைத் திறக்கும் புது இன்ஜினியர். நடுவில் எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்டும் மேனேஜர், அதாவது நம்மைப் போன்றவர்கள். எல்லோரிடமும் ஒரே குரலில் வேலை வாங்க முடியாது.

ராத்திரி கான்கிரீட்டையே எடுத்துக்கொள்வோம். நகருக்குள் பகலில் லாரிக்குத் தடை உள்ள சாலைகளில் பிளான்ட்டிலேயே கலந்து வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் வண்டி ராத்திரிதான் வரும். அதுவும் தாமதமாகி, கலவை இறுகத் தொடங்கியிருக்கும். "ரெண்டு பக்கெட் தண்ணி விடுப்பா" என்பார் மேஸ்திரி. இன்ஜினியர் ஓடிவந்து சித்தாள்கள் முன்னாலேயே அவரிடம் கத்துவார். தண்ணீர் நின்றுவிடும், சரி. ஆனால் நாளைக்கு ஒரு கம்பி நகர்ந்திருப்பது கண்ணில் பட்டாலும் அந்த மேஸ்திரி வாய் திறக்க மாட்டார். எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

தண்ணீர் கூடினால் கான்கிரீட்டின் வலிமை குறையும். பெரியவர் சொல்கிறாரே என்று விட்டுக்கொடுக்க அதில் இடமே இல்லை. சொல்லும் விதத்தில்தான் இடம் இருக்கிறது. ஓரமாக அழைத்து, "அண்ணே, தண்ணி வேணாம். பிளான்ட்ல கேட்டு அட்மிக்ஸர் சேர்த்துக்கலாம், அப்புறம் ஸ்லம்ப் பார்த்துட்டு இறக்குவோம்" என்றால் கேட்டுக்கொள்வார். (அட்மிக்ஸர் என்பது தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் ரசாயனம்; ஸ்லம்ப் என்பது கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்கும் சோதனை.)

இளையவர்களுக்கு உத்தரவு மட்டும் போதாது, காரணமும் வேண்டும். சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் கியூரிங், அதாவது கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது, நிலக்கரிச் சாம்பல் (ஃப்ளை ஆஷ்) கலந்த பி.பி.சி. சிமென்ட்டுக்கு 10 நாள் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூல் ஐ.எஸ். 456. சாம்பல் மெதுவாகத்தான் வினைபுரியும், அதற்கு ஈரம் கூடுதல் நாள் வேண்டும் என்று ஒருமுறை விளக்கிவிடுங்கள். பிறகு அவர்களே கான்கிரீட் மேல் போட்ட சாக்கு நனைந்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பார்கள்.

பீகார், ஒடிசா பையன்களிடம் தமிழில் பாதுகாப்புப் பாடம் நடத்துவது நம் மனத் திருப்திக்குத்தான். பாதுகாப்பு பெல்ட்டை நீங்களே மாட்டி, கொக்கியைப் போட்டுக் காட்டுங்கள்.

மேஸ்திரியை போன் ஆப்பில் டைப் செய்யச் சொல்லி வாட்டவும் வேண்டாம். அவர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பட்டும், இளையவர் பதிவு செய்துகொள்ளட்டும். கான்கிரீட்டுக்கு முந்தைய செக்லிஸ்ட்டில் மட்டும் இரண்டு கையெழுத்தும் இருக்க வேண்டும். அதுவும் இருவரும் சேர்ந்து தளம் முழுக்க நடந்து, கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக் பார்த்து, முட்டுகளைத் தட்டிப் பார்த்த பிறகு.