ஈர நெல்லு ஒண்ணு, எழுதுற விதம் மூணு

(காட்சி: மன்னார்குடி பக்கம் ஒரு கொள்முதல் நிலைய வாசல், தார்ப்பாய் போட்ட நெல் குவியல்)

இந்த குவியல நல்லா பாருங்க. குறுவை அறுத்து பத்து நாளா இங்கயே கெடக்கு, நேத்து ராத்திரி மழை, தார்ப்பாய தூக்கினா உள்ள குப்புனு சூடு அடிக்குது, ஓரத்துல வெள்ளையா முளை விட்டுருச்சு. பக்கத்துல ஒரு அம்மா ஒரு நெல்ல எடுத்து பல்லுல கடிச்சு காய்ஞ்சிருச்சான்னு பாக்குறாங்க. இத செய்தியா எழுதணும்னா எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?

முதல் வழி தலைகீழ் பிரமிடு, முக்கியமானது மொத வரியிலயே வந்துரணும். ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டுனதால நெல்ல எடுக்கல, விவசாயிங்க 22 வரைக்கும் தளர்த்த சொல்றாங்க. அவ்ளோதான், மத்ததெல்லாம் கீழ. நான் வேலைக்கு சேந்த புதுசுல ஆத்துல தண்ணி வந்த அழகெல்லாம் மேல எழுதி, நெல்லு போட டோக்கன் குடுக்குற தேதிய கடைசி பத்தியில வச்சேன். பேப்பர் பக்கத்துல இடம் பத்தலன்னு, செய்திய திருத்துற டெஸ்க்ல கீழேருந்து வெட்டிட்டாங்க. மறுநாள் காலையில ஒரு விவசாயி போன் பண்ணி, "தம்பி, டோக்கன் எப்பன்னு போடலியே"ன்னு கேட்டாரு. அந்த குரல் இன்னும் மறக்கல.

அடுத்தது மணல் கடிகாரம், மேல சுருக்கம், கீழ நடந்தத வரிசையா சொல்றது. கஜா புயல எடுத்துக்குங்க, 2018 நவம்பர் 16 விடியக்காலை வேதாரண்யம் பக்கம் கரைய கடந்துச்சு. மேல சேதம், உயிரிழப்பு, எந்தெந்த ஊருன்னு சுருக்கமா சொல்லிட்டு, "நடந்தது இதுதான்"னு ஒரு வரி போட்டு, முந்தின நாள் சாயங்காலத்துலேருந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்பெல்லாம் சாஞ்சது வரைக்கும் மணி வாரியா சொல்லிட்டு போகலாம்.

எனக்கு ரொம்ப புடிச்சது மூணாவது, வால் ஸ்ட்ரீட் ஜர்னல் முறைன்னே இதுக்கு பேரு. நெல்ல கடிச்சு பாத்தாங்கல்ல அந்த அம்மா, அவங்ககிட்டேருந்து ஆரம்பிங்க, ரெண்டு மூணு பத்தி போதும். உடனே, இத ஏன் படிக்கணும்னு சொல்ற ஒரு பத்தி வரணும், அதுக்கு பேரு நட் கிராஃப். நிறைய பேரு இங்கதான் கோட்ட விடுறாங்க, அழுகையும் கண்ணீருமா நாலு பத்தி போகுது, விஷயம் என்னன்னே தெரியாது. இந்த செய்திக்கு நட் கிராஃப் இப்படி: மேட்டூர் அணைய வழக்கமா ஜூன் 12 தொறப்பாங்க, குறுவை பயிர் 110 நாள் பக்கம், அப்ப அறுவடை சரியா வடகிழக்கு மழை ஆரம்பிக்கிற நேரத்துல வந்து நிக்குது, அதனால இந்த ஈரப்பத பிரச்சன இந்த ஒரு அம்மாவோடது மட்டும் இல்ல, டெல்டா முழுக்க அடிக்கடி வர்றது. அப்புறம் விதி என்ன, அதிகாரிங்க என்ன சொல்றாங்க, காய வைக்க களம் இருக்கா, எல்லாத்தையும் விரிச்சு எழுதலாம்.

கடைசி பத்தியில திரும்ப அந்த அம்மாகிட்ட வாங்க, மூட்டை எடை போட்டாங்களா இல்லையான்னு எழுதுங்க.

(காட்சி: அதே குவியல், பொழுது சாயுது)

மணி ஆறு ஆச்சு, இன்னும் போடல.