மூணுக்கு நாலு வை

(ஒரு மகளிர் கல்லூரி விழாவில் பேசியது. பேச்சுவாக்கில் வந்த இருமலையும் மைக் கரகரப்பையும் மட்டும் எடுத்துவிட்டு எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பின்னால் நிற்கிற பிள்ளைகள் அந்தப் படியிலேயே உட்காருங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன். அழைப்பிதழில் 'வாழ்வும் படைப்பாற்றலும்' என்று போட்டிருக்கிறார்கள். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு மட்டுமே நடத்தின ஆளுக்கு இது தொளதொளவென்று பெரிய சட்டை. அதனால் எனக்குத் தெரிந்த நாலடி இடத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். எங்கள் வீட்டு வாசல்.

அம்மா நாலரை மணிக்கு எழுந்து வாசலைப் பெருக்கி, சாணி கரைத்துத் தெளித்து, அந்த ஈரம் முழுசாகக் காய்வதற்குள் கோலத்துக்கு உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்து என்று சொல்வது தப்பு, இடுப்பை மடக்கிக் குனிந்து நிற்பாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு. விரல் தரையைத் தொடாது, அரை அங்குலம் மேலே நின்று மாவை இறக்கும். கை வேகமாகப் போனால் இழை மெலியும், தயங்கினால் அந்த இடத்தில் தடித்துவிடும். நீங்கள் எந்த இடத்தில் யோசித்தீர்கள் என்பதைத் தெருவில் போகிற யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்! பத்து மணிக்குள் எறும்பு பாதியைத் தின்றுவிடும், மீதியை சைக்கிள் சக்கரமும் பால்காரரும் கொண்டுபோவார்கள். மறுநாள் நாலரைக்கு மறுபடியும்.

இந்த அம்மாவிடம் ஆறாம் வகுப்பில் ஒரு நாள், "அறிவியல் நோட்டில் ஒரு பூ வரைந்து கொடு" என்று கேட்டேன். "எனக்கா? எனக்கு எங்கடா வரையத் தெரியும், ஒரு கோடுகூட நேரா வராது" என்றாள். சொல்லும்போது அவளுக்குப் பின்னால் வாசலில் பதினைந்து புள்ளி சிக்குக் கோலம் கிடக்கிறது. அவள் அடக்கத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நம்பினாள். கணக்கெடுக்க வந்தவர் என்ன வேலை என்று கேட்டபோதும் "சும்மாதான் இருக்கேன்" என்றாள். சம்பளம் வந்தால் வேலை, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் கலை, இரண்டும் இல்லாவிட்டால் சும்மா. இந்தப் பாடத்தை அவளுக்கு யார் நடத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது, நானும் அதே பாடத்தைத்தான் ரொம்ப நாள் படித்துக்கொண்டிருந்தேன்.

சரி, கணக்குக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழித்து, ஒரு மார்கழியில் சும்மா இருக்க முடியாமல் வாசலில் நாலு வரிசை, வரிசைக்கு நாலு புள்ளி வைத்து இழையை ஓட்டினேன். ஒவ்வொரு இரண்டு புள்ளிக்கும் நடுவில் குறுக்கே கடந்து, ஓரம் வந்தால் திரும்பி, இப்படி. கொஞ்சத்திலேயே கிளம்பின இடத்துக்கு வந்துவிட்டேன், பாதிப் புள்ளி அப்படியே நிற்கிறது. அம்மா கதவோரமாக நின்று பார்த்துவிட்டு, "நாலுக்கு நாலு வெச்சா இழை அறுந்து அறுந்துதான் போகும். மூணுக்கு நாலு வை" என்றாள். வைத்தேன். ஒரே இழை, எல்லாப் புள்ளியையும் சுற்றிக்கொண்டு ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்தது. நாலுக்கு ஆறு வைத்தேன், இரண்டு இழை. மூணுக்கு மூணு, மூன்று இழை. அன்றைக்கு முதல் பாடவேளை எட்டாம் வகுப்புக்கு மீப்பெரு பொதுக் காரணி, அதாவது இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண். கரும்பலகைப் பக்கம் திரும்பி இரண்டு எண்களை எழுதினவன், சாக்பீஸோடு அப்படியே நின்றுவிட்டேன். இழை எத்தனை என்பது அந்த இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணிதான்! அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. எனக்குப் பெயர் மட்டும்தான் தெரிந்திருந்தது.

தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். புள்ளியியல்காரர், கல்வெட்டு எழுத்தும் ஆராய்ந்தவர். அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மொழிக்கு இலக்கணம் எழுதுகிற மாதிரி கோலத்துக்கு இலக்கணம் எழுதலாம், கணினிக்கும் அது புரியும் என்கிற வழியில் போன ஆய்வு. கணினி என்ற சொல்லே நம் தெருப் பக்கம் வராத காலம் அது.

இதெல்லாம் நம்முடையது மட்டும்தான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன், அப்புறம்தான் ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டுச் சோக்வே மக்களைப் பற்றிப் படித்தேன். அங்கே மணலைச் சமப்படுத்தி, விரல் நுனிகளால் ஒரே அளவு இடைவெளியில் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சுற்றி இழை ஓட்டிக்கொண்டே கதை சொல்வார்கள். கதை முடிந்தால் அழித்துவிடுவார்கள். சோனா என்று பெயர். நடுவில் கை தயங்கினால் கூட்டம் லேசாகச் சிரிக்குமாம். இதே மூணுக்கு நாலு கணக்கு அங்கேயும் உண்டு, மொசாம்பிக்கில் இருந்த பவுலஸ் கெர்டஸ் என்ற கணக்குப் பேராசிரியர் அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். இதில் ஒரு விஷயம், அங்கே போடுகிறவர்கள் ஆண்கள். நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு இடுப்பு வளையாது என்று எந்த மருத்துவரும் சொன்னதில்லை, அதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிற பெண் வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டினால் மட்டும் பண்பாடு போச்சு என்பார்கள்.

பசிபிக் கடலில் வனுவாட்டு என்று ஒரு தீவு நாடு. அங்கேயும் மணலில் ஒற்றை விரலால் விரலை எடுக்காமல் வரைகிறார்கள். பெர்னார்ட் டீக்கன் என்ற ஆங்கிலேய இளைஞர் 1926-இல் அங்கே மலேக்குலா தீவுக்குப் போய் இவற்றை ஒவ்வொன்றாக நோட்டில் எடுத்தார். மறு வருஷம் அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார், வயது இருபத்துநாலு. அவர் எழுதிவைத்ததில் ஒரு நம்பிக்கை வருகிறது. செத்தவரின் ஆவி, செத்தவர்கள் உலகத்துக்குப் போகிற வழியில் ஒரு பெண் பூதம் உட்கார்ந்திருக்கும். அதன் முன்னால் மணலில் ஒரு கோலம். ஆவி வருவதைப் பார்த்ததும் பூதம் பாதியை அழித்துவிடும். அழிந்த பாதியை ஆவி சரியாகப் போட்டு முடித்தால் வழி, இல்லையென்றால் பூதம் தின்றுவிடும்.

எங்கள் தெருவில் சாவுக்கு வேறு கணக்கு. வாசல் வெறுமையாக இருந்தால் அந்த வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம், யாரும் யாருக்கும் சொல்லியனுப்ப வேண்டியதில்லை. அப்பா போனபோது பதினாறு நாள் எங்கள் வாசல் அப்படிக் கிடந்தது. அதுவரை பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டு அத்தைகூட அந்த வெறும் வாசலைத் தாண்டி வந்து அடுப்படியில் ரசம் வைத்துவிட்டுப் போனார். காரியம் முடிந்ததும் சொந்தத்தில் ஒரு பெரியம்மா, "இனிமே நீ வாசலுக்குப் போகாத, மருமக போடட்டும்" என்றாள். அம்மா பதில் பேசவில்லை. பதினேழாம் நாள் நாலரைக்கு வாசலில் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது. நான் படுக்கையிலேயே கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

கடைசி இரண்டு வருஷம் அம்மாவுக்கு ஞாபகம் தவறிப்போனது. பேரப்பிள்ளை பெயர் மறந்தது, சாப்பிட்டது மறந்தது, புள்ளி வைக்கிறது மறக்கவில்லை. ஒரு நாள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஏழு புள்ளி வைத்து இழையை ஓட்டினவள் பாதியில் நின்றுவிட்டாள். விரலில் மாவு, கை அந்தரத்தில். என்னைப் பார்த்தாள். நான் பக்கத்தில் குந்தி எங்கே திரும்ப வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன், முப்பத்திரண்டு வருஷக் கணக்கு வாத்தியார், ஒன்றும் ஓடவில்லை. அந்த நேரத்துக்குப் பால் ஊற்றுகிற பெண் வந்தாள். கேனை இறக்கிவைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்து, அம்மா கிண்ணத்திலிருந்தே மாவை எடுத்து, இழையை இரண்டு திருப்பு திருப்பி முடித்துவிட்டு, "அரை லிட்டரா, முக்காலா?" என்று கேட்டாள்.

அம்மா கோலத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இடது பக்கம் சுழி கொஞ்சம் கோணல்" என்றாள்.