அரை ஆள் என்று ஒருவர் இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

மென்பொருள் நிறுவனங்களில் திங்கட்கிழமை ஓர் எக்செல் தாளோடுதான் விடியும். இடப்பக்கம் ஆட்களின் பெயர், மேலே புரோஜெக்ட்களின் பெயர், நடுவே கட்டம் கட்டமாக, யாருடைய நேரத்தில் எதற்கு எவ்வளவு என்ற சதவீதம். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகம் ஒன்றில் அந்தத் தாளைப் பதினோரு ஆண்டுகள் நிரப்பியவன் நான். நாற்பது பேர், ஆறு புரோஜெக்ட். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர் படும் பாடுதான்.

கணித அறிஞர்களுக்கு இது பழைய புதிர். பத்துப் பேருக்குப் பத்து வேலையை ஆளுக்கு ஒன்றாகப் பிரிக்க 36,28,800 வழிகள் உண்டு. எல்லாவற்றையும் எழுதிப் பார்க்காமலே சிறந்த பங்கீட்டைக் கண்டுபிடிக்கும் முறையை 1955இல் அமெரிக்கரான ஹரால்டு கூன் வெளியிட்டார். ஹங்கேரியர் இருவரின் ஆய்விலிருந்து பிறந்ததால் அதற்கு ஹங்கேரிய முறை என்றே பெயரிட்டார். இன்று கணினி அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடும். ஆனால் இந்த ஆள் இந்த வேலைக்கு எவ்வளவு பொருத்தம் என்ற எண்ணை முதலில் யாராவது சொல்லியாக வேண்டுமே!

நாங்கள் ஊழியர்களையே கேட்டோம். ஜாவா என்ற நிரல்மொழி, தகவல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ், பிழை தேடும் டெஸ்டிங் என ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று அவர்களே போட்டுக்கொள்ள வேண்டும். கல்லூரி முடித்து எட்டு மாதமான பையன் டேட்டாபேஸுக்கு நான்கு போட்டிருந்தான். பன்னிரண்டு ஆண்டுகள் அதிலேயே ஊறிய அம்மையார் மூன்று போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். “எனக்குத் தெரியாதது எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியுமே சார்” என்றார். தாளை மட்டும் நம்பியிருந்தால், வங்கி ஒன்றுக்கு நாங்கள் செய்த டேட்டாபேஸ் வேலை பையன் கைக்குப் போயிருக்கும்.

அந்த அம்மையாரைத்தான் நான் மூன்றாகப் பங்கு போட்டேன். வங்கிக்கு 40, காப்பீட்டுக்கு 40, மருத்துவமனைக்கு 20. கூட்டினால் சரியாக நூறு வந்தது. மேலிடத்துக்கும் திருப்தி.

ஒரு வியாழக்கிழமை வங்கிக்கும் காப்பீட்டுக்கும் ஒரே இரவில் ரிலீஸ், அதாவது புதிய மென்பொருளைப் பயன்பாட்டுக்கு விடும் வேலை, வந்து சேர்ந்தது. வங்கியில் ஒரு நிமிடத்தில் முடிய வேண்டிய அறிக்கை நாற்பது நிமிடமாகியும் ஓடிக்கொண்டே இருந்தது. எந்த அட்டவணை எதனோடு சேர்கிறது, தகவலை வேகமாகத் தேட உதவும் எந்த இன்டெக்ஸ் விடுபட்டது என்று அவர் மனத்தில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு வருவார். காப்பீட்டுக்காரர்களின் போன் அடிக்கும். பேசிவிட்டுத் திரும்பினால் மறுபடியும் முதலிலிருந்து. புள்ளிக் கோலத்தில் எண்ணிக்கை தவறியவர் என்ன செய்வார்? நள்ளிரவு ஒன்றரை மணிக்கு அவர் மேசையில் பிரிக்காத இட்லிப் பொட்டலம் இருந்தது. பக்கத்து நாற்காலியில் உதவத் தெரியாமல் நான்.

மறுநாள் கூட்டத்தில் வழக்கமான வைத்தியம் வந்தது: பெஞ்சில் இருப்பவர்களில் ஐந்து பேரைப் போடுங்கள். வேலை ஒதுக்கப்படாமல் காத்திருப்பவர்களை எங்கள் தொழிலில் பெஞ்ச் என்போம். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்று, ஐபிஎம்மில் பெரிய இயங்குதளப் பணியை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ் 1975இலேயே எழுதிவிட்டார். காரணம் எளிது. ஐந்து பேர் ஒருவரோடொருவர் பேசப் பத்து வழிகள் போதும். பத்துப் பேரென்றால் நாற்பத்தைந்து. தவிர, புதியவர்களுக்குப் பாடம் எடுப்பது யார்? அதே அம்மையார்தான்.

நான் தாளைத் திருத்தினேன். ஒருவருக்கு இரண்டு புரோஜெக்ட்டுக்கு மேல் கிடையாது. வாரத்தில் இன்ன நாள் இன்னாருக்கு என்று பிரித்துவிட்டேன், சதவீதம் எழுதுவதையே விட்டேன். நான்கு மதிப்பெண் பையனை மூன்று மாதம் அம்மையாரின் பக்கத்தில் உட்கார வைத்தேன். அந்த மணிநேரத்துக்கு வாடிக்கையாளரிடம் ஒரு ரூபாய் கூடக் கேட்க முடியாது. மாதக் கூட்டங்களில் இதற்காக நான் வாங்கிய வசவைத் தனி உரையாகவே நிகழ்த்தலாம்! இரண்டாம் மாதம் பையனே வந்து தன் நான்கை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதிப் போனான். அன்றுதான் அவன்மீது எனக்கு நம்பிக்கை வந்தது.

வைகாசியில் அம்மையார் தங்கையின் திருமணத்துக்காகப் பத்து நாள் விடுப்பில் ஊருக்குப் போனார். ஏழாம் நாள் அவரே போன் செய்தார்.

“என்ன சார், யாருமே என்னைக் கூப்பிடவில்லையே. வேலை நடக்கிறதா?”